டீச்சர் வீட்டுக் கிணற்றில் புல்தைல வாசம்

முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்து, "உங்கள் கக்கூஸில் போவதெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அவர்கள் தருகிற சாயாவையும் முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில், படிப்பு முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை இதுதான்.

திருவனந்தபுரத்தின் பழைய பகுதிகளில் பாதாளச் சாக்கடை உண்டு. ஆனால் ஊர் அப்போது நாலு பக்கமும் வீங்கிக்கொண்டிருந்தது. வளைகுடாவிலிருந்து வந்தவர்களும் ஆபீஸ் லோன் கிடைத்தவர்களும் வயலில் செம்மண்ணைக் கொட்டி நிரப்பி, நாலு சென்ட் ஐந்து சென்ட்டாகப் பிரித்து வீடு கட்டினார்கள். வீடு வந்தது, மதில் வந்தது, மதில்மேல் சிமென்ட் சிங்கம்கூட வந்தது. சாக்கடை மட்டும் வரவில்லை, குழாய்த் தண்ணீரும் வரவில்லை. வீட்டுக்கொரு செப்டிக் டேங்க், வீட்டுக்கொரு கிணறு. எது எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கத்தான் எங்களைப்போல் இருபது பேரைத் தற்காலிகமாக எடுத்து, தலைக்கு ஒரு அளவு டேப்பும் ஒரு கட்டுப் படிவமும் கொடுத்துத் தெருவில் இறக்கிவிட்டார்கள்.

தொட்டி எங்கே இருக்கிறது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், கடைசியாக எப்போது திறந்து காலி செய்தீர்கள், உங்கள் தொட்டிக்கும் உங்கள் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்றெல்லாம் படிவம் மலையாளத்தில் கேட்டது. தூரம் ஏழரை மீட்டருக்குக் குறைந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட வேண்டும். அந்தச் சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நீதிபதிகூட அப்படி நடந்திருக்க மாட்டார்.

நேராகப் பதில் சொன்னவர்கள் குறைவு. ஓய்வுபெற்ற செக்ரடேரியட் அதிகாரி ஒருவர், "எவ்ரிதிங் ஈஸ் அண்டர்கிரவுண்ட்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு வீட்டம்மா, தொட்டி எங்கே என்பது தன் கணவருக்குத்தான் தெரியும், அவர் மஸ்கட்டிலிருந்து ஓணத்துக்கு வருவார், அப்போது வா என்றார். இன்னொருவர் தொட்டியின் மேலேயே கார் ஷெட் போட்டு, அதற்குக் கிரானைட்டும் பதித்திருந்தார். நிறைந்தால் எப்படித் திறப்பீர்கள் என்று கேட்டேன்.

"எந்தினா தொறக்கணே?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார், எதற்குத் திறக்க வேண்டும் என்று.

ஒரு மாதத்தில் நான் தேறிவிட்டேன். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே போதும். எந்த வாழை மட்டும் மற்றதைவிட ஆளுயரம் கூடுதலாக நிற்கிறதோ, எந்த மூலையில் மட்டும் செம்பருத்தி கொழுத்துப் போய்க் கிடக்கிறதோ, அங்கே போய் நின்று, "இங்கேதானே?" என்பேன். வீட்டுக்காரர்கள் மிரண்டு போவார்கள். மை போட்டுப் பார்க்கிறவள் என்று நினைத்துக்கொண்டு, காணாமல் போன மோதிரத்தைப் பற்றி விசாரித்தவர்களும் உண்டு.

எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு பெருமை இருந்தது. எங்கள் தொட்டி கட்டி இத்தனை வருஷமாகிறது, ஒரு தடவைகூட நிறையவில்லை என்பார்கள். பிள்ளை ஒரு தடவைகூட பெயில் ஆகவில்லை என்று சொல்கிற அதே முகத்தோடு சொல்வார்கள். எங்கள் சூப்பர்வைசர், பைக்கில் ஊரெல்லாம் சுற்றுகிற ஒரு டிப்ளமோ எஞ்சினியர், பயிற்சியின் முதல் நாளே இதைப் பற்றிச் சொல்லியிருந்தார். நிறையாத தொட்டி நல்ல தொட்டி இல்லை, அதில் விழுவதை வேறு யாரோ வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நாங்கள் சிரித்தோம், நோட்டில் எழுதிக்கொண்டோம். எங்கள் வீட்டுத் தொட்டியும் ஒன்பது வருஷமாக நிறையவில்லை என்பது எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் விற்பனையைப் பார்த்துக்கொண்டவர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து இளவட்டமாக வந்து, அதே கடையில் தலை நரைத்தவர். குழாய், வாஷ்பேசின், பீங்கான் கிளாசெட். கடைக்கு வருகிறவர் நாற்காலியில் உட்காருகிற விதத்தை வைத்தே அவருக்கு எந்த மாடல் சரிப்படும் என்று சொல்லிவிடுவார். "இந்த ஊருல பாதிப்பேரு தெனமும் காலையில நான் குடுத்ததுமேலதான் இருக்கான்" என்பது வீட்டில் அடிக்கடி கேட்கிற வசனம். சர்வேக்கு எனக்குக் கொடுத்த டேப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, கடையிலிருந்து வேறு நல்ல டேப் கொண்டுவந்து தந்தவரும் அவர்தான்.

எங்கள் தெருவின் வடக்குப் பக்கத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வரிசையாகப் பதினொரு வீடுகள். எல்லாம் ஒரே அளவு மனை. எல்லா மனைக்கும் வாஸ்து பார்த்து முளை அடித்தவர் ஒரே ஆசாரி. கிணறு ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில். கக்கூஸ் தொட்டி வாயு மூலையில், அதாவது வடமேற்கில். எங்களுடையது ஏழாவது வீடு. அப்பாவுக்கு முதலில் கிடைக்க இருந்தது கிழக்குக் கோடியிலிருந்த முதல் மனை. மெயின் ரோட்டிலிருந்து வருகிற பாதை நேராக வந்து அதன் வாசலில் முட்டுகிறது, தெருக்குத்து, குடும்பத்துக்கு ஆகாது என்று ஆசாரி சொன்னார். அப்பா பின்வாங்கிவிட்டார். பிறகு யாருமே வாங்காமல் கிடந்த அதைக் கடைசியில் ஓர் ஆட்டோக்காரர் வாங்கினார். அவர் வீட்டுக்குக் கிழக்கே வெறும் தென்னந்தோப்பு. "பாவம், அறியாத மனுசன்" என்று அப்பா அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் சொல்வார்.

சர்வேயில் எங்கள் தெருவின் முறை வந்தபோது நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். ஒரே மனை, ஒரே ஆசாரி, இதில் தனித்தனியாக அளக்க என்ன இருக்கிறது? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டு, பதினொரு படிவத்திலும் தூரம் ஒன்பது மீட்டர் என்று எழுதி நீட்டிவிட்டேன். சூப்பர்வைசர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதெந்தா, பதினொண்ணு வீடும் ஒரே அம்மா பெத்ததா?" என்றார். ஒரு வீட்டை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். எந்த வீடு என்று கேட்டேன். "குட்டியுடெ வீடு தன்னே" என்றார், உன் வீடேதான் என்று.

வீட்டில் வந்து சொன்னபோது நான் எதிர்பார்த்தது திட்டு. அப்பாவுக்கோ அது விருந்தாளி வருகிற செய்தியாகப் பட்டது. கக்கூஸ் சாமான் விற்கிறவர் வீட்டுத் தொட்டியைப் பார்க்க ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார் என்றால் சும்மாவா? மறுநாள் சாலைக் கடைத்தெருவிலிருந்து வரும்போது ஒரு பெரிய கேன் நிறையப் புல்தைலம் வாங்கிக்கொண்டு வந்தார். அது எலுமிச்சம்புல்லை வாட்டி எடுக்கிற எண்ணெய். அந்த ஊரில் தரை துடைக்கிற வாளித் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றுவார்கள், வீடே மணக்கும். அப்பா கடப்பாரையால் தொட்டியின் மூடியை நெம்பி நகர்த்தி, கேனை அப்படியே உள்ளே கவிழ்த்தார்.

"இது என்ன கூத்து? அதைக் குளிப்பாட்டிப் பொட்டும் வைங்கோ" என்றாள் அம்மா.

"நாலு பேரு வந்து பாக்குத எடம். நாறிட்டுக் கெடந்தா நமக்குல்லா கொறச்சலு?" என்றார் அப்பா.

சூப்பர்வைசர் வந்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார், கையை மெதுவாக எடுத்தார். மறுபடி குனிந்தார். தன் சர்வீஸில் இப்படியொரு டேங்கைப் பார்த்ததில்லை என்றார். தொட்டியிலிருந்து எங்கள் கிணறு வரை டேப்பை இழுத்துப் பார்த்தார், ஒன்பது மீட்டரும் ஒரு சாணும். கையெழுத்துப் போட்டு, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. அப்பா இரண்டு நாள் தெருவில் பரிசு வாங்கியவர் மாதிரி நடந்தார்.

அடுத்த வாரம் இடவப்பாதி, அதாவது ஜூன் மாதத்து மழை பிடித்தது. விடாமல் நாலு நாள். கிணறுகளெல்லாம் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு ஏறின. மழை விட்ட வியாழக்கிழமை காலையில், மேற்குப் பக்கத்து வீட்டு டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார்.

டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவை 'அண்ணாச்சி' என்றும் என்னை 'மோளே' என்றும் அழைப்பார். அவர் வீட்டுப் பலா பழுத்தால் பாதி எங்களுக்கு, எங்கள் வீட்டில் முறுக்குச் சுட்டால் பாதி அவருக்கு. மகளும் ஆறு மாதப் பேத்தியும் பிரசவத்திலிருந்து அங்கேதான் இருந்தார்கள். அந்தக் குழந்தையை வயிற்றுப்போக்கென்று இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். டீச்சர் கண்ணேறு என்றார், டின் பால் என்றார், மருமகன் வீட்டார் கொண்டுவந்த ஏத்தங்காய்ப் பொடி, அதாவது நேந்திரங்காய் மாவு, என்றும் சொல்லிப் பார்த்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குச் சோறூணு, முதன்முதலாகச் சோறு ஊட்டுகிற சடங்கு.

நான் போனபோது டீச்சர் கிணற்றடியில் ஈரத்தலையோடு, முகமெல்லாம் வெளிச்சமாக நின்றார். ஒரு டம்ளரில் அப்போது இறைத்த தண்ணீரை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"ஒண்ணு மணத்து நோக்கு மோளே. எந்தொரு வாசனை!"

மணந்து பார்த்தேன். எலுமிச்சம்பழத் தோலும் பச்சைப் புல்லும் கலந்த வாசம். மெலிதாக இருந்தது, ஆனால் சந்தேகமில்லாமல் இருந்தது.

"இவிடெ பண்டொரு காவு உண்டாயிருந்நு. நாகத்தான்மார் உள்ள எடம். ஞான் நாப்பத்தொண்ணு திவசம் விளக்கு வச்சதில்லே, அதின்டெ பலம்" என்றார் டீச்சர். காவு என்றால் பாம்புத் தெய்வங்களுக்கென்று விட்டிருக்கும் மரத்தோப்பு. அவர் நாற்பத்தொரு நாள் விடாமல் விளக்கு வைத்தது தெருவுக்கே தெரியும். அது முடிந்து சரியாக மூன்றாம் நாள் கிணறு மணத்திருக்கிறது. "குடி மோளே, குடி."

"நான் இன்னும் குளிக்கல்ல டீச்சர்" என்றேன். வாழ்க்கையில் இத்தனை வேகமாக எனக்கு ஒரு பொய் வந்ததில்லை. குளிக்காமல் தீர்த்தம் குடிக்கக் கூடாது என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் வாயிலும் முதலில் இந்தத் தீர்த்தம்தான் என்றார். அதற்குள் மூன்று தெரு தள்ளியிருந்து ஒரு அம்மாள் ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் கிணற்றின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீச்சர் வீட்டுக் கிணறு அவர் மனையின் வடகிழக்கு மூலையில் இருந்தது. அதையொட்டி மதில். மதிலுக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, எங்கள் வீட்டுச் செம்பருத்தி கொழுத்துப் போய்ப் பூத்துக் கிடந்தது. எங்கள் மனையின் வடமேற்கு மூலை அது. எத்தனையோ வீடுகளில் செம்பருத்தியைப் பார்த்து, "இங்கேதானே?" என்று கேட்டவளுக்கு, சொந்த வீட்டுச் செம்பருத்தி அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு வீட்டின் வாயு மூலையும் மேற்கு வீட்டின் ஈசான மூலையும் ஒரே இடம். ஆசாரியின் கணக்கு அவரவர் மதிலுக்குள் சுத்தமாக இருந்தது. மதிலைத் தாண்டிப் பார்த்தால், ஒவ்வொரு வீட்டுத் தொட்டியும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. இதைத்தான் நான் முறுக்குத் தின்றுகொண்டே ஒன்பது மீட்டர் என்று எழுதியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா கடைக்குப் புறப்பட்டுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஊருல நம்ம மட்டுமாட்டி புல்தைலம் வாங்குகோம்?" என்றார்.

"கேனோட கவுத்தது நம்ம மட்டுந்தாம்ப்பா."

"மண்ணு எல்லாத்தையும் அரிச்சிரும். உள்ளுக்குள்ள வெட்டுக்கல்லாக்கும்."

"வெட்டுக்கல்லுல முழுக்க ஓட்டைல்லா?"

அப்பா போட்ட பொத்தானையே கழற்றி மறுபடி போட்டார். அடுப்படியிலிருந்து வந்த அம்மா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. பின்வாசல் வழியாக எங்கள் கிணற்றைப் பார்த்தாள். கிணற்றுக்குக் கிழக்கே இருந்த மதிலைப் பார்த்தாள். அந்த மதிலுக்கு அப்பால் ஒரு பேங்க் ஆபீசரின் மாடி வீடு, ஐந்து பாத்ரூம். ஐந்துக்கும் சாமான் கொடுத்ததே அப்பாதான், விலையில் கழிவு போட்டு.

"அப்போ நாம இம்புட்டு நாளா யாருக்கதைக் குடிக்கோம்?" என்றாள் அம்மா.

அன்று முழுக்க அம்மா கிழக்கு வீட்டைத் திட்டினாள். குடத்தைக் கவிழ்த்தாள், சாம்பாரைக் கொட்டினாள், பேங்க் ஆபீசரின் மனைவி போட்டிருந்த கண்ணாடியைக்கூட விட்டுவைக்கவில்லை. மேற்கு வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொரு வீட்டுக்காரரும் இனி இப்படித்தான் கிழக்கே பார்த்துக் கோபப்பட்டு, மேற்கே திரும்பினால் வாயை மூடிக்கொள்ளப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. சிரிப்பு வந்தது. அப்போது மதிலுக்கு அப்பால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது, சிரிப்பு நின்றுவிட்டது.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பா தணிந்த குரலில் பேசினார். "ஞாயித்துக்கெழம கழியட்டும். அதுக்குள்ள மணம் போயிரும். யாருகிட்டயும் மூச்சு விடப்பிடாது."

"ஞாயித்துக்கெழம அந்தத் தண்ணியைப் பிள்ளைக்கு ஊட்டப் போறாங்கப்பா. சோறு பொங்குறதும் அதுலதான்."

"பொங்குனா கொதிச்சிரும்லா?"

"ஊட்டுறதைக் கொதிக்க வைக்க மாட்டாங்க. தீர்த்தம்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நான் சாலைக்குள்ள தலை காட்ட வேண்டாமா? நாலு பேருக்கு டேங்கு எங்க கட்டணும், எப்பிடிக் கட்டணும்னு சொல்லிக் குடுக்கவனாக்கும் நான்." கண்ணை நிமிர்த்தாமல் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. கெட்டவர் இல்லை, வெட்கப்பட்டவர். வெட்கப்பட்ட மனிதர் எந்த மூலையில் போய் ஒளிவார் என்று கண்டுபிடிக்க மட்டும் எனக்குத் தெரியவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதிலோரம் நின்று, மழைக்காலத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும் என்று சர்வே ஆபீஸில் சொன்னதாக டீச்சரிடம் சொன்னேன். "கொதிப்பிச்சால் மணம் போகில்லே மோளே?" என்றார் டீச்சர். சனிக்கிழமை, குளோரின் போடலாமே என்றேன். நாகத்தான் கோவித்துக்கொள்வார் என்றார். நேராகச் சொல்ல நாக்கு எழவில்லை. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஒன்பது மீட்டர் என்று எழுதியது என் கைதானே.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டு முற்றத்தில் பாதித் தெரு கூடியிருந்தது. கிழக்கு வீட்டு பேங்க் ஆபீசரும் மனைவியும், மேற்கே ஒன்பதாம் வீட்டுக்காரர், கோடி வீட்டு ஆட்டோக்காரர், எல்லோரும் இருந்தார்கள். நிலவிளக்கு ஏற்றி, வாழையிலையில் சோறும் உப்பும் புளியும் சர்க்கரையும் வைத்திருந்தார்கள். குழந்தைக்கு ஒரு துண்டு ஜரிகைக் கசவுப் பட்டு. அதன் கவனமெல்லாம் இலை நுனியைக் கிழிப்பதில் இருந்தது. விளக்கின் பக்கத்தில் வெள்ளிக் கிண்ணியில் கிணற்றுத் தண்ணீர். அப்பா கரை வேட்டி கட்டி, விபூதி பூசி, வரமாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காமல் வந்திருந்தார்.

"மூத்தவர் அண்ணாச்சியாணு. ஆத்யம் அண்ணாச்சிக்கு" என்று சொல்லி, டீச்சர் ஒரு டம்ளர் தீர்த்தத்தை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். அப்பா டம்ளரை வாங்கினார். ஒரு நிமிஷம் அதற்குள் பார்த்தார். முற்றத்தில் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் கீழே வைத்தார். அம்மாவின் வாயிலிருந்து விக்கல்போல ஒரு சத்தம் வந்தது. யாரோ பின்னாலிருந்து சரணம் சொன்னார்கள்.

டீச்சர் சந்தோஷமாகக் கிண்ணியை எடுத்தார். சின்ன வெள்ளிக் கரண்டியில் ஒரு கரண்டி மொண்டு, குழந்தையின் உதட்டருகே கொண்டு போனார். குழந்தையும் பசியோடு வாயைத் திறந்தது.

அப்பா எட்டி டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அந்த ஊரில், அந்த வயதில், அடுத்த வீட்டுப் பெண்பிள்ளையின் கையை அப்படிப் பிடிக்கிறவர் இல்லை அவர்.

"வேண்டாம் டீச்சரே, பிள்ளைக்குக் குடுக்காதீங்க. இது நாகத்தான் தந்ததில்ல. எங்க வீட்டு கக்கூஸ் டேங்குல நான் ஊத்துன புல்தைலமாக்கும்."

டீச்சருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். இருந்தும் ஒரு முறை மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் அதற்குள் குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கரண்டியைக் கிண்ணியில் வைத்தார், கிண்ணியைத் தரையில் வைத்தார். கவிழ்ந்திருந்த டம்ளரைப் பார்த்தார்.

"அறிஞ்ஞிட்டா அண்ணாச்சி அது குடிச்சது?" என்றார். தெரிந்துகொண்டா குடித்தீர்கள் என்று.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "எங்க வீட்டதுதானே டீச்சரே" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஒன்பதாம் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்தார். "அப்போ டீச்சரின்டெ டேங்கு எவிடெயா?" என்று கேட்டார். கேட்ட பிறகு அவரே தன் கிணற்றின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அடுத்த நிமிஷம் முற்றத்தில் ஆளே இல்லை. பட்டுப்புடவையும் கசவு முண்டுமாக, தெரு முழுக்க அவரவர் கிழக்கு மதிலில் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. என் டேப் கைமாறிக் கைமாறிப் பதினொன்றாம் வீடு வரை போனது. பேங்க் ஆபீசர் மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, எதையும் அளக்காமல் வீட்டுக்குப் போனார்.

கிழக்கே யாருடைய தொட்டியும் இல்லாத கிணறு அந்தத் தெருவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தெருக்குத்து மனையில், ஆட்டோக்காரர் வீட்டில். அப்பா கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடத்தோடு அங்கே போனார். ஆட்டோக்காரர் ஒன்றும் கேட்காமல் இறைத்து ஊற்றினார். அந்தத் தண்ணீரில் புதிதாகப் பொங்கிய சோற்றைத்தான் குழந்தை அன்று முதன்முதலாகச் சாப்பிட்டது. நல்ல நேரம் தாண்டிவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். டீச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அப்பாவிடமும் பேசவில்லை.

அப்பாவுக்கு மூன்று நாள் வயிறு அடங்கவில்லை. டாக்டரிடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார், டாக்டர் என்ன குடித்தீர்கள் என்று கேட்பார் அல்லவா. நாலாம் நாள் காலையில் மதிலுக்கு மேலே ஒரு தூக்குச் சட்டி வந்தது. உப்புப் போட்ட கஞ்சி. "அண்ணாச்சிக்கு. கோடி வீட்டு வெள்ளமாணு கேட்டோ" என்றார் டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஆட்டோக்காரர் வீட்டுத் தண்ணீரில் காய்ச்சியதாம். அப்பா உள்ளேயிருந்து அதைக் கேட்டார். கண் கலங்கிவிட்டது. காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தார்.

நான் பதினொரு படிவத்தையும் திரும்ப வாங்கி, இந்த முறை எல்லாவற்றையும் அளந்து எழுதினேன். சொந்தக் கிணற்றுக்கு ஒன்பது மீட்டர், அடுத்த வீட்டுக் கிணற்றுக்கு இரண்டு சொச்சம். இரண்டாவதை எழுத இடமில்லாததால் ஓரத்தில் சிவப்பில் எழுதினேன். இதற்குப் படிவத்தில் கட்டமே இல்லையே என்று சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். பிறகு அவரே ஒரு அடிக்கோலை எடுத்து, மிச்சமிருந்த படிவங்களிலெல்லாம் புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டுக் கொடுத்தார்.

அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வர இன்னும் நாலு வருஷம் ஆனது. அதுவரை அப்பா தினமும் காலையில், கடைக்குப் புறப்படுவதற்கு முன், இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு கிழக்குக் கோடிக்குப் போவார். ஆட்டோக்காரரோடு மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். திரும்பி வரும்போது எங்கள் வாசலைத் தாண்டி எட்டாவது வீட்டுக்குப் போய், ஒரு குடத்தை டீச்சரின் படியில் இறக்கி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் மற்றதை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வருவார்.